குண்டு விழுந்த எல்லை

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு மகனுக்கு,

சித்தப்பா எழுதுவது. பொங்கலுக்கு வந்திருந்தபோது, நான் பரணிலிருந்து இறக்கிய பழைய பென்டியம் கணினியைப் பார்த்து, "இதைவிட நல்லது வந்ததால்தானே இது தோற்றது? இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாய். நீ சிதம்பரம் பஸ் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கணினிப் பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு இதற்கு முழுப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

உப்புக் காற்றில் துருவேறிய திருகுகளை மாற்றி, புது பட்டன் பேட்டரி போட்டேன். அந்தக் கணினி இன்றும் ஓடுகிறது. அதில் இருப்பது விண்டோஸ் அல்ல, பீஓஎஸ். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான் லூயி காசே 1990-ல் தொடங்கிய 'பீ' நிறுவனத்தின் இயங்குதளம் அது. 2000-ல் அதன் ஐந்தாம் பதிப்பின் தனிநபர் வடிவத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். அந்தக் காலத்து எளிய கணினியிலேயே பல காணொளிகளை ஒரே நேரத்தில் தடங்கலில்லாமல் ஓட்டிக் காட்டிய தளம். அப்படியானால் ஏன் தோற்றது?

1998-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி, தன் கணினி வரிசை ஒன்றில் விண்டோஸோடு பீஓஎஸ்ஸையும் பதிந்து விற்றது. ஆனால் கணினியைத் திறந்ததும் "எது வேண்டும்?" என்று கேட்கும் திரை வரவில்லை. விண்டோஸ் மட்டுமே வந்தது. பீஓஎஸ் உள்ளே இருந்தும், தாமே தேடி எழுப்பினால் ஒழிய, வாங்கியவர் கண்ணில் படாது. மைக்ரோசாஃப்டின் உரிம நிபந்தனைதான் காரணம் என்று பீ நிறுவனம் 2002-ல் வழக்குப் போட்டது. 2003-ல் மைக்ரோசாஃப்ட், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 2.325 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் பீயின் தொழில்நுட்பம் 2001-லேயே 1.1 கோடி டாலருக்கு பாம் நிறுவனத்திடம் கைமாறிவிட்டது. கடை மூடிய பிறகு வந்த இழப்பீடு, கடை விற்ற விலையைப் போல இரண்டு மடங்கு.

இது ஒரு நிறுவனத்தின் புலம்பல் மட்டும் என்று நினைத்துவிடாதே. அமெரிக்க அரசு 1998 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 ஜூனில் தீர்ப்பளித்தது. மைக்ரோசாஃப்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன கீழ்நீதிமன்ற ஆணையை அது தள்ளியது. ஆனால், மைக்ரோசாஃப்ட் கணினித் தயாரிப்பாளர்களை, தன் உலாவியின் சின்னத்தை நீக்கக் கூடாது, கணினி தொடங்கும் முறையை மாற்றக் கூடாது என்றெல்லாம் கட்டிப்போட்டது சட்டமீறல்தான் என்பதை உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு நம் தேவனாம்பட்டினம்தான் நினைவுக்கு வந்தது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் அதற்கு உரியது என்று ஒப்பந்தம். சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. கோட்டை, காசு கொடுத்து வாங்கியது. அந்த ஊர்களில் குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்?

இந்த வழக்குகளுக்கு அடிப்படையான போட்டிச் சட்டத்தின் சாரமும் இதுதான். கோட்டை கட்டுவது குற்றமல்ல. உழைத்துப் பெரியவனாவது குற்றமே அல்ல. நமது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, சந்தையில் மேலோங்கி நிற்பதைத் தடுக்கவில்லை. அந்த மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது. ஒரு சந்தையில் இருக்கும் பலத்தால் பக்கத்துச் சந்தையையும் வளைப்பது அதில் ஒன்று. கோட்டைக்குள் நின்று அடுத்த ஊருக்குக் குண்டு வீசுவது என்று நினைத்துக்கொள்.

இந்தக் கதை பழைய கணினியோடு முடியவில்லை. உன் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனை எடுத்துப் பார். அதன் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் செயலிகளை மொத்தமாக முன்கூட்டியே பதிய வேண்டும் என்று போன் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில கட்டளைகளை நீக்கினாலும், அபராதத்தை உறுதிசெய்தது. அந்த விசாரணைக்கு வித்திட்ட புகாரைக் கொடுத்தவர்கள் எந்தப் பெரிய போட்டி நிறுவனமும் அல்ல. உன்னைவிடச் சில வயதே மூத்த மூன்று இளைஞர்கள். ஆணையத்திடம் தகவல் கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடாதே.

ஆனால் சட்டம் வழியைத் திறந்துவிடத்தான் முடியும். நடக்க வேண்டியவர்கள் நாம். உன் அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினி நினைவிருக்கிறதா? 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. ஹிட்டாச்சி கணினியில் வராத அந்தத் திரை, நம் வீட்டுக் கணினியில் ஒவ்வொரு நாளும் வந்தது. அக்கா ஒருநாளும் அம்புக்குறியை அழுத்தியதில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அருகிலேயே இருந்த நானும் சொல்லித்தரவில்லை. தேர்வு செய்யும் உரிமை மட்டும் போதாது, தேர்வு செய்யும் அறிவும் வேண்டும்.

பழைய கணினிகளைக் காப்பவர்கள் இந்த அறிவைத்தான் காக்கிறார்கள். பீயின் தொழில்நுட்பம் கைமாறிய 2001-லேயே அதன் ரசிகர்கள் கூடி, அதே போன்ற தளத்தை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 'ஹைக்கூ' என்ற பெயரில் அது இன்றும் வளர்கிறது. அதன் 32-பிட் பதிப்பில் பழைய பீஓஎஸ் நிரல்கள்கூட ஓடுகின்றன. தோற்றதெல்லாம் தரத்தால் தோற்றதல்ல என்பதற்கு வாய்ச்சொல் போதாது, ஓடும் கணினி வேண்டும். உன் கேள்விக்கு என் பதில் அதுதான். நான் வைத்திருப்பது பழம்பொருள் அல்ல, சாட்சி.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது விடுதி நண்பர்களையும் கூட்டி வா. அக்காவின் மடிக்கணினியைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் திரை சில நொடிதான் நிற்கும். இந்தமுறை அம்புக்குறியை நீ அழுத்து.

அன்புடன்,
சித்தப்பா