தண்ணீருக்கு வழி விட்டவர்கள்

(இன்கா பாதையில் நான்கு நாள் - ஒரு சிவில் மாணவனின் பார்வை)



முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரு நாட்டுக்குப் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. இந்தப் பயணத்தை நான் நடந்தது எல்லாம் நூலக மேஜையில்தான். ஏன் நடந்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன வருஷம் பயிற்சிக்காக ஒரு சைட்டுக்குப் போயிருந்தேன். மேட்டு நிலத்தை வெட்டி, பத்தடி உயரத்துக்கு ஒரு ரிட்டைனிங் வால் கட்டி முடித்திருந்தார்கள். பார்க்க அழகான சுவர். ஒரே ராத்திரி மழை. காலையில் போனால் சுவர் குப்புறப் படுத்திருக்கிறது. அதன் அடியில் வாட்ச்மேன் படுக்கும் கொட்டகை. அவர் அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். மேஸ்திரி என்னிடம், "தண்ணி வெளிய போறதுக்கு ஓட்டை விடணும்னு சொன்னேன் தம்பி. எஸ்டிமேட்ல இல்லேன்னுட்டாங்க" என்றார். வீப் ஹோல் என்று நாம் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்குகிறோமே, அதே ஓட்டைதான்.

அதற்கப்புறம் செமினாருக்குத் தலைப்பு கேட்டபோது நான் 'சுவரும் தண்ணீரும்' என்று எழுதிக் கொடுத்தேன். தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் மச்சு பிச்சு வந்து மாட்டியது. சுமார் 1450-ஐ ஒட்டி, பச்சகுட்டி என்ற இன்கா அரசன் காலத்தில் மலை முகட்டில் கட்டப்பட்ட ஊர். வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம். இரும்புக் கருவி கிடையாது, சக்கர வண்டி கிடையாது, சிமெண்ட் கிடையாது. சுவர் மட்டும் நிற்கிறது!

அங்கே போக ரயில் இருக்கிறது. ஆனாலும் நடந்து போகிறவர்கள் பழைய இன்கா ரோட்டிலேயே நான்கு நாள் நடக்கிறார்கள். குஸ்கோவிலிருந்து வரும் ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டரில் ஆரம்பித்து சுமார் 43 கிலோமீட்டர். 2001-க்குப் பிறகு தனியாகப் போக அனுமதி இல்லை, உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அந்த ஐந்நூறில் பயணிகள் சுமார் 200 பேர்தான். மீதி எல்லாம் வழிகாட்டிகளும், சமையல்காரர்களும், சுமை தூக்குகிறவர்களும்! கூடாரம், அரிசி, கேஸ் சிலிண்டர் எல்லாம் இவர்கள் முதுகில். ஒரு காலத்தில் நாற்பது கிலோவுக்கும் மேலே ஏற்றிவிடுவார்களாம். பிறகு சட்டம் போட்டு 20 கிலோ என்று வரம்பு வைத்து, செக்போஸ்டில் தராசு வைத்து எடை போடுகிறார்கள். போட்டோவில் பயணிகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்கள் அதற்குள் அடுத்த முகாமில் கூடாரம் அடித்து, சூப் கொதிக்க வைத்திருப்பார்கள். சைட்டில் சித்தாள்களைப் பார்த்த நமக்கு இது புரியாததில்லை.

முதல் நாள் சுலபம். உருபாம்பா ஆற்றோரம் நடந்து, கீழே படிப்படியாக வயல் மேடை அமைத்த பட்டயக்டா என்ற பழைய ஊரைப் பார்த்துவிட்டு சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் தங்கல்.

இரண்டாம் நாள்தான் ஆளைக் கொல்லும். ஒரே ஏற்றம். வார்மிவன்யுஸ்கா என்ற கணவாய், உயரம் 4,215 மீட்டர். அந்தப் பெயருக்கு 'செத்துப்போன பெண்' என்று அர்த்தம். கீழேயிருந்து பார்த்தால் மலை, ஒரு பெண் மல்லாந்து படுத்தமாதிரி தெரியுமாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். தலைவலி, வாந்தி. அதனால்தான் முதலில் 3,400 மீட்டரில் உள்ள குஸ்கோவில் இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கோக்கா இலை டீயும் கொடுப்பார்கள்.

மூன்றாம் நாள் நம்ம சப்ஜெக்ட். இங்கே கால் படுவது பெரும்பாலும் இன்காக்கள் போட்ட அதே கல் தளம். ஸ்பெயின்காரர்கள் 1532-ல் வருவதற்கு முன்பே, இன்றைய கொலம்பியாவிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை 30,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படி ரோடு போட்டிருக்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோ இந்த ரோடுகளை ஆறு நாடுகளுக்குப் பொதுவான பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சக்கரம் இல்லாததால் சரிவைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. மனிதனும் லாமாவும் ஏறினால் போதும். அதனால் செங்குத்து வந்தால் உடனே படிக்கட்டு! நாம் டிராயிங்கில் ரைஸ் 15 சென்டிமீட்டர் என்று போடுகிறோம். அங்கே ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது அரை ஜாண். நடுவில் ஒரு பாறை குறுக்கே வர, அதைக் குடைந்து சுரங்கமே போட்டுவிட்டார்கள்.

மழை பெய்தால் இந்த ரோடு ஏன் அடித்துக்கொண்டு போகவில்லை? பக்கத்தில் வடிகால், குறுக்கே கல் பாலம் போட்ட ஓடை, பள்ளத்துப் பக்கம் தாங்குசுவர். புயுபட்டமார்கா என்ற இடத்தில், பெயருக்கேற்றபடி மேகத்துக்கு மேலே இருக்கிற ஊர் அது, வரிசையாகக் கல் தொட்டிகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இறங்குகிறது. அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் கடைசி முகாம். முழங்கால் கழன்றுவிடும் என்று எல்லோருமே எழுதுகிறார்கள்.

நான்காம் நாள் இருட்டோடு கிளம்பி இன்டிபுங்கு என்ற சூரிய வாசலுக்கு வந்தால், கீழே 2,430 மீட்டரில் மச்சு பிச்சு. எல்லோரும் கேமராவை எடுப்பார்கள். நான் போயிருந்தால் சுவரில் ஓட்டையைத்தான் தேடியிருப்பேன். அங்கே சுவர்களில் 129 வடிகால் துளைகள் எண்ணப்பட்டிருக்கின்றன! எண்ணியவர் கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளரும் அவர் குழுவும், 1990-களில். நீரூற்றிலிருந்து ஊருக்கு வரும் கால்வாய் 749 மீட்டர் நீளம், சராசரிச் சரிவு சுமார் 3 சதவீதம். அது 16 தொட்டிகளுக்கு வரிசையாகத் தண்ணீர் கொடுக்கிறது. மேடைகளுக்குள் அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணல், மேலே மண். நம்ம பாடப் புத்தகத்தில் ஃபில்டர் என்று படம் போட்டிருக்கும் அதே அடுக்கு. மொத்த வேலையில் சுமார் 60 சதவீதம் மண்ணுக்கு அடியில்தான், அஸ்திவாரமும் வடிகாலுமாக, என்பது ரைட் கணக்கு. யாரும் போட்டோ எடுக்காத அறுபது சதவீதம். அதை எஸ்டிமேட்டில் யாரும் வெட்டவில்லை.

செமினாரில் பின் பெஞ்சிலிருந்து ஒரு நண்பன் எழுந்து, "இவ்வளவு நல்லா கட்டினவன் ஏன்டா ஊரை விட்டுட்டுப் போனான்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நியாயமான கேள்விதான். நூறு வருஷத்துக்குள் ஸ்பெயின்காரர் படையெடுப்பில் இன்கா அரசு உடைந்தது. அரச குடும்பத்துக்கான ஊரைப் பராமரிக்க ஆள் இல்லை. சுவர் விழுந்து யாரும் ஓடவில்லை. காடு வளர்ந்து மூடிக்கொண்டது. 1911 ஜூலை 24-ல் ஹைராம் பிங்காம் உள்ளூர் விவசாயி ஒருவர் வழிகாட்ட அங்கே ஏறியபோது, சில குடும்பங்கள் அந்த மேடைகளில் பயிர் செய்துகொண்டிருந்தன. அவரைக் கண்டுபிடித்தவர் என்கிறோம். பயிர் செய்தவர்களுக்கு அந்த இடம் எப்போது தொலைந்தது என்று நான் கேட்க, ஆசிரியர் மணியைப் பார்த்தார்.

இன்னொரு தகவல் சொல்ல நேரமில்லாமல் போனது, அதை இங்கே எழுதிவிடுகிறேன். ரைட் குழுவினர் ஊருக்குக் கிழக்குச் சரிவில், காட்டுக்குள் மண் மூடிக் கிடந்த சில கல் தொட்டிகளைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். சேற்றை எடுத்ததும் தண்ணீர் தானாக வந்து, கல் மூக்கு வழியாக மறுபடி கொட்ட ஆரம்பித்தது.