பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தலாமா?

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நிலக்கடலை, நெல், தர்பூசணி முதலிய விளைபொருள்களைக் களத்திலிருந்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கும் சந்தைக்கும் கொண்டு செல்ல, மாட்டு வண்டி செய்து வந்த வேலையை இன்று பெரிதும் பிக்கப் வண்டியே செய்கிறது. ஆனால் கொல்லைக்கும் கழனிக்கும் செல்லும் பாதைகள் பழையபடியே உள்ளன. 2024 நவம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய மழைக்குப் பின் பாதையில் சக்கரத்தடம் பள்ளமாகி, நடுவில் மண் மேடு நின்றுவிடும். வண்டி அதில் இடிக்கும்போது, பட்டறைக்குச் சென்று முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் பணம் செலவழிந்த பிறகும் இடிப்பது நிற்காமல், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைவதுதான் மிச்சமாகக்கூடும். எனவே செலவு செய்யுமுன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே காண்போம்.

எது இடிக்கிறது?

முதலில் வண்டியின் அடியில் குனிந்து பார்த்து, சிராய்ப்பு எங்கே உள்ளது என்று கண்டுகொள்ள வேண்டும். முன் பம்பரில் இருந்தால் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஏறும்போது மூக்கு இடிக்கிறது என்று பொருள். பின் அச்சின் நடுவில் உருண்டையாக உள்ள டிஃபரென்ஷியல் கூட்டில் சிராய்ப்பு இருந்தால், பாதையின் நடு மேடுதான் காரணம்.

இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அதற்கு மேலே உள்ள சேஸிஸும் கேபினும் மட்டுமே உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். தரைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது டயர்தான். ஆகவே பின் டிஃபரென்ஷியல் இடிக்கும் வண்டிக்கு முன்பக்கத்தை எவ்வளவு தூக்கினாலும் பயனில்லை.

அளந்து பார்க்கும் முறை

வெறும் வண்டியில் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருப்பது பெரும்பாலும் குறையன்று. பாரம் ஏறியதும் வண்டி சமமாக நிற்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்படுகிறது. உண்மையிலேயே ஸ்பிரிங் தளர்ந்துள்ளதா என்று அறியக் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் வண்டித் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவு காற்றை நிரப்பவும்.

2. ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளவும்.

3. வழக்கமான பாரத்தை ஏற்றிய பிறகு அதே இடங்களில் மீண்டும் அளக்கவும்.

இடது, வலது பக்கங்களுக்கிடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கமான் பட்டை ஒன்று முறிந்தோ தளர்ந்தோ இருக்கலாம். சென்டர் போல்ட், யூ போல்ட், புஷ் ஆகியவற்றையும் மெக்கானிக்கைக் கொண்டு பார்க்க வேண்டும். இங்கே தேவைப்படுவது பழுது நீக்குதலே தவிர, உயர்த்துதல் அன்று. தளர்ந்த பட்டையை மாற்றினால் இழந்த உயரம் தானே திரும்பிவிடும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு மேலே எழும்பும் என்பதை நமது விவசாயிகள் அனுபவத்தில் அறிவார்கள். பிக்கப் வண்டியிலும் இதே கதைதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 10 அடி தூரம் உள்ள வண்டியில், 40 கிலோ மூட்டைகள் 25 ஏற்றுவதாகக் கொள்வோம். மொத்தப் பாரம் 1,000 கிலோ. இதன் நடுப்பாரம் பின் அச்சுக்கு 1 அடி முன்னால் அமைந்தால், 100 கிலோ முன் சக்கரங்களுக்கும் 900 கிலோ பின் சக்கரங்களுக்கும் போகும். அதே பாரம் பின் அச்சுக்கு 2 அடி பின்னால் அமைந்தால், முன் சக்கரங்கள் மீதிருந்து 200 கிலோ எடை குறைந்துவிடும்.

திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெருமளவு தாங்குவதும் முன் சக்கரங்களே. அவை இலேசானால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. விளக்கொளியும் மேலே எழும்பி எதிரே வருவோரின் கண்ணைக் கூச வைக்கும். ஏற்கெனவே உயர்த்தப்பட்ட முன்பக்கமானால் இத்தொல்லை மேலும் கூடும். எனவே மூட்டைகளைக் கேபின் சுவரை ஒட்டி அடுக்கத் தொடங்க வேண்டும். கனமானவை கீழேயும் முன்னேயும் இருக்க வேண்டும்.

உயர்த்தும் முறைகளும் அவற்றின் குறைகளும்

முன்பக்கம் கமான் பட்டை உள்ள வண்டிகளில் பட்டறைகள் நான்கு முறைகளைக் கையாளக்கூடும்.

பழைய பட்டைக்கு வளைவு ஏற்றுதல்: செலவு குறைவு. ஆனால் இரும்பைச் சூடாக்கி முறையாகப் பதப்படுத்தாவிட்டால், பட்டை விரைவில் மீண்டும் தாழும் அல்லது முறியும்.

கூடுதல் பட்டை சேர்த்தல்: உயரம் நிலைக்கும். ஆனால் வெறும் வண்டி கடினமாகக் குதிக்கும். முன்பக்கப் பாரம் எப்போதும் அதிகமாக உள்ள வண்டிக்கே இது பொருந்தும்.

நீளமான சாக்கில் போடுதல்: சாக்கிலை 2 அங்குலம் நீட்டினால் அச்சுக்கு மேலே ஏறக்குறைய 1 அங்குலமே உயரும். அதோடு முன் அச்சின் சாய்வுக் கோணம் மாறுவதால் வண்டியின் நேரோட்டம் கெடக்கூடும்.

பட்டைக்கும் அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தல்: முன் அச்சுக்கு இதைச் செய்யவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் முறுக்கில் கட்டை நகர்ந்தால் அச்சும் நகர்ந்துவிடும்.

முறுக்குக் கம்பி உள்ள முன்பக்கத்தில், சரிசெய்யும் போல்ட்டைத் திருகினால் வண்டி உயரும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு உரிய இடம் குறைந்து, பால் ஜாயிண்டுகள் தேயும். சுருள் ஸ்பிரிங்கின் மேல் வளையம் வைத்து உயர்த்தினாலும் சக்கரத்தின் கோணம் மாறி டயர் ஒருபுறம் தேயும். எந்த முறையானாலும், சக்கரம் முழுதும் கீழிறங்கும்போது பிரேக் குழாய் இழுபடாமல் இருக்க வேண்டும். அலைன்மென்ட்டும் விளக்கின் மட்டமும் மீண்டும் சரிசெய்யப்பட வேண்டும்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரலாம். கடன் தவணை கட்டிவரும் குடும்பத்திற்கு இது தாங்க முடியாத இழப்பு. எனவே பழைய பட்டைக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கே தரும் பட்டையை மாட்டுவது பாதுகாப்பானது. அதற்கு மேல் எதையும் செய்ய விரும்பினால், விழுப்புரம் அல்லது திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளவும். கூடுதல் பட்டை போட்டதால் சான்றில் குறித்த பார அளவு கூடிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது.

பாதையை உயர்த்துவதே சிக்கனம்

நடு மேட்டை மண்வெட்டியால் சீவி, அந்த மண்ணையும் சிறிது சரளையையும் சக்கரத்தடத்தில் இட்டுக் கெட்டிப்படுத்தினால் டிஃபரென்ஷியல் இடிப்பது நின்றுவிடும். வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் சிமெண்டுக் குழாய் பதித்து, 1 அடி உயரத்துக்கு இருபுறமும் 8 அடி நீளம் சரிவு அமைத்தால் மூக்கு இடிக்காது. ஒரே பாதையைப் பயன்படுத்தும் நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால், ஆளுக்கு ஓரிரு நாள் உழைப்பில் இவ்வேலை முடியும். ஒரு வண்டியை உயர்த்தினால் அந்த ஒரு வண்டிக்கே பயன். பாதையைச் சீர்செய்தால் டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் தலைச்சுமை எடுத்து வருவோருக்கும் பயன்.

ஆகவே எது இடிக்கிறது என்று முதலில் பார்த்து, ஸ்பிரிங்கை அளந்து, பாரத்தை முறையாக ஏற்றி, பாதையைச் சீர்செய்த பிறகும் குறை தீராவிட்டால் மட்டுமே பட்டறையை நாட வேண்டும். இவ்வாறு செய்தால் விளைபொருளும் அதை ஓட்டிச் செல்பவரும் பத்திரமாகச் சந்தை சேரலாம்.