அப்பா பெயரில் பாலிசி, ஸ்டியரிங்கில் நாம்

"இன்சூரன்ஸ் அப்பா பேர்லதானே இருக்கு, நான் ஓட்டினா செல்லுமா?" என்று ஹாஸ்டல் நண்பர் ஒருவர் கேட்டார். அதற்காகவே ஒரு கார் பாலிசியை முழுசாகப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் பாலிசி எடுக்கும்போதே வீட்டில் ஓட்டும் வயதில் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இளவயது மகன் பெயர் சேர்ந்தால் பிரீமியம் ஏறும். பல மாநிலங்களில் ஒருவரை 'இவர் ஓட்டினால் பொறுப்பில்லை' என்று விலக்கியும் வைக்கலாம்.

நம்ம நாட்டு பாலிசியில் அப்படிப் பட்டியல் கிடையாது. விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள, தகுதி நீக்கம் ஆகாத எவரும் ஓட்டலாம். மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்! எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதிப்படி 'எல்' போர்டு வேண்டும், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

ஆகவே லைசென்ஸ் உள்ள மகன் யார் மீதாவது மோதிவிட்டால், அடிபட்டவருக்குக் கம்பெனி நஷ்டஈடு தரும். ஓட்டிய மகனே இறந்துவிட்டால்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2018-இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்ட தனிநபர் விபத்துக் காப்பீடு 'ஓனர்-டிரைவர்' ஒருவருக்கு மட்டுமே. வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும், பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸும் இருக்க வேண்டும். மகனுக்கு மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத அம்மா பெயரில் கார் வாங்குகிற வீடுகளில் இந்தக் காப்பீடு யாருக்குமே இல்லை.

'தேர்ட் பார்ட்டி' என்று கேட்கலாமே என்பீர்கள். நிங்கம்மா வழக்கில் (2009) இறந்தவர் ஓட்டியது இரவல் மோட்டார் சைக்கிள். இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் இடத்துக்கு வந்துவிடுகிறார்; எனவே 163-ஏ பிரிவில் அவர் குடும்பம் நஷ்டஈடு கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

பத்தாவது முடித்து நேராக வந்த முதலாண்டுத் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. 18 வயது ஆகாதவர் கார் ஓட்டி விபத்தானால், 2019 திருத்தத்தின் 199-ஏ பிரிவுப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அடிபட்டவருக்குக் கம்பெனி கட்டினாலும், அந்தத் தொகையை அப்பாவிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு. வீடு, நிலம் எல்லாம் அதில் போகும்.

ஓட்டுகிற மகனுக்கும் காப்பீடு வேண்டுமானால் வழி இருக்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போது கூடுதல் பிரீமியம் கட்டி, அவர் பெயரைக் குறிப்பிட்டு விபத்துக் காப்பீடு சேர்க்கலாம். ஏஜென்ட் தானாகச் சொல்வது அபூர்வம். நாம்தான் கேட்க வேண்டும்.