கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போகும் குட்டி

கேள்வி: சிவகாசிப் பக்கமிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி வந்தோம். இப்போது நான்கு மாதம், எடை 8 கிலோ. வந்த புதிதில் தட்டை வழித்து நக்கியது. இப்போது டாக் ஃபுட் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. சோற்றில் சிக்கனைப் பிசைந்து வைத்தால் சிக்கனை மட்டும் பொறுக்கித் தின்கிறது. தயிர்சாதம் இரண்டு நாள் சாப்பிட்டது, மூன்றாம் நாள் வேண்டாம் என்கிறது. என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் நாலு வாய் வாங்கும். வெறும் வயிறாகக் கிடக்கிறதே என்று காலையும் மாலையும் கால் லிட்டர் பால் கொடுக்கிறோம். பிள்ளைகள் ஏழெட்டு மேரி பிஸ்கட் போடுவார்கள். சில நாள் மலம் இளகிப் போகிறது. விலா எலும்பு தெரிகிறது. ஆனால் ஓட்டத்துக்கும் குறும்புக்கும் குறைவே இல்லை, ஒரு செருப்பை விட்டுவைப்பதில்லை. பசி எடுக்க டானிக் ஏதாவது கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: டானிக் வேண்டாம். உங்கள் குட்டி சாப்பிடாமல் இல்லை. நன்றாகவே சாப்பிடுகிறது, கிண்ணத்திலிருந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மாதத்தில் 8 கிலோ இருக்கும் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 முதல் 1,000 கலோரி வேண்டும். அரை லிட்டர் பாலில் சுமார் 300 கலோரி போய்விடுகிறது. எட்டு மேரி பிஸ்கட்டில் இன்னொரு 200. நாள் தேவையில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்தது. அதற்கு மேல் நாலு துண்டு சிக்கன், மாமியார் ஊட்டிய நாலு வாய். டாக் ஃபுட்டில் 100 கிராமுக்கே 350 கலோரிக்குக் குறையாது. அதற்கு வயிற்றில் எங்கே இடம்? வளரும் உடம்புக்கு வேண்டிய புரதமும் தாது உப்புகளும் மட்டும்தான் இந்தக் கணக்கில் உதைக்கின்றன. மலம் இளகுவதற்கும் பாலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை.

இன்னொன்றையும் அது கற்றுக்கொண்டிருக்கிறது. டாக் ஃபுட்டை ஒதுக்கினால் சிக்கன் சோறு வரும். அதையும் ஒதுக்கினால் தயிர்சாதம் வரும். எதையுமே தொடாமல் படுத்தால் பாட்டி வந்து ஊட்டுவார்கள், வீடே சுற்றி நிற்கும். இவ்வளவு சவுகரியம் இருக்கும்போது முதலில் வைத்ததையே தின்ன அது என்ன மடையனா?

ஆனால், நான் கீழே சொல்வதைத் தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். குறும்பு செய்யும் குட்டி சாப்பிட மறுப்பது வேறு, மூலையில் சுருண்டு கிடக்கும் குட்டி சாப்பிட மறுப்பது வேறு. சோர்வோடு வாந்தியோ, நாற்றமடிக்கும் பேதியோ, மலத்தில் இரத்தமோ இருந்தால் பார்வோவாக இருக்கலாம். அது காத்திருக்கிற நோய் இல்லை, அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலோ குடற்புழுவோ இருக்கக்கூடும். காதுமடலின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் விரித்து உண்ணி தேடுங்கள். பார்வோ தடுப்பூசி 16 வாரம் வரை விட்டு விட்டுப் போட வேண்டியது. மூன்று மாதத்துக்கு மேல் பூச்சி மருந்து மாதம் ஒரு தடவை, ஆறு மாதம் முடியும்வரை. இவற்றில் எது விட்டுப்போயிருந்தாலும் முதலில் அதை முடியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், நாளை காலையிலிருந்து பாலும் பிஸ்கட்டும் நிற்கட்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் குட்டியின் பங்கிலிருந்தே பத்து உருண்டை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். ‘உட்கார்’ சொல்லிப் பழக்க அது போதும்.

இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலை 7, மதியம் 1, இரவு 7.30 என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டு அதை மாற்றாதீர்கள். டாக் ஃபுட் பாக்கெட்டின் பின்னால் போட்டிருக்கும் அளவு பொதுவாக ஒரு நாளைக்கானது. அதை ஒரு வேளைக்கானது என்று நினைத்து மூன்று மடங்கு கொட்டிவிட்டு, ‘பாதிகூடத் தின்ன மாட்டேன் என்கிறது டாக்டர்’ என்று வருகிறவர்கள் நிறையப் பேர். அந்த அளவை மூன்றாகப் பிரியுங்கள். குட்டிகளுக்கானது என்று போட்ட பாக்கெட்தானா என்றும் பாருங்கள். லூசாக நிறுத்துத் தருவது வேண்டாம். திறந்து கிடக்கும் டாக் ஃபுட்டில் கொழுப்பு காறிப்போய்விடும். நமக்கு வாடை தெரியாது, நாய்க்குத் தெரியும்.

கிண்ணத்தில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நம் நாக்கில் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 9,000, நாய்க்கு 1,700 போல. அது மூக்கால் சாப்பிடும் பிராணி. வெதுவெதுப்பில் மணம் எழும்பினால்தான் அதற்குச் சாப்பாடு சாப்பாடாகத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சிக்கனை அப்படியே வைத்தால் அது முகத்தைத் திருப்புவதில் ஆச்சரியமில்லை.

வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ‘சாப்பிடுடா கண்ணு’ என்ற கொஞ்சல் கூடாது, அதட்டலும் கூடாது. சிப்பிப்பாறை இயல்பிலேயே கூச்சம் உள்ள ஜாதி. மிக்ஸி ஓடும் அடுக்களை வாசலும் ஆள் நடக்கும் ரேழியும் அதற்கு ஒத்துவராது. டைல்ஸ் தரையில் எவர்சில்வர் கிண்ணம் மூக்கு படப்பட நகர்ந்து ‘கிரீச்’ என்றால், அந்தச் சத்தத்துக்கே பின்வாங்கும் குட்டிகள் உண்டு. அடியில் ஒரு பழைய கோணியை மடித்துப் போட்டால் நகராது.

இருபது நிமிடம் கழித்து, தின்றாலும் தின்னாவிட்டாலும் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். அடுத்த வேளைக்கும் அதே சாப்பாடுதான், ஆனால் புதிதாக எடுத்தது. முதல் நாள் ஒரு வேளையோ இரண்டு வேளையோ பட்டினி கிடந்து உங்களைச் சோதிக்கும். விடிகாலையில் மஞ்சள் நுரையாக ஒரு தடவை கக்கவும் செய்யலாம், வெறும் வயிற்றில் ஊறிய பித்தம் அது. கக்கிவிட்டு வாலாட்டி ஓடினால் பயமில்லை. திரும்பத் திரும்பக் கக்கினாலோ, ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டாலோ பரிசோதனையை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைப் படிக்கும் பொமரேனியன், சிவாவா வீட்டுக்காரர்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். கையளவு குட்டிகளுக்கும் மூன்று மாதம் ஆகாத எந்தக் குட்டிக்கும் ஒரு வேளை தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். தள்ளாடினாலோ நடுங்கினாலோ ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள்.

நான்கு மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கும். ஈறு வலியில் இரண்டொரு நாள் கடினமானதை ஒதுக்கும், ஊறவைத்துக் கொடுத்தால் தின்னும். உங்கள் செருப்புகளின் கதிக்கும் அதுதான் காரணம். சித்திரை வெயிலில் மதிய வேளையைக் குறைத்து, காலையிலும் இரவிலும் கூட்டிக்கொள்ளலாம்.

வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சிக்கனும் சோறும் மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கி, முன்னங்கால் வளையும். எவ்வளவு கால்சியம் சேர்ப்பது என்பதைக் குட்டியைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டாக் ஃபுட் தின்னும் குட்டிக்கு அதற்கு மேல் கால்சியம் சிரப் ஊற்றுவதும் கெடுதலே. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு, பாயசத்துத் திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு எதுவும் கிட்டே போகக் கூடாது. கிண்ணம் காலியாக வேண்டும் என்று குழம்பை ஊற்றிப் பிசைகிற பழக்கம் நம் வீடுகளில் அதிகம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

விலா எலும்பைப் பற்றி: சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்த நாய். கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது அதன் வாகு. பக்கத்து வீட்டு லேப்ரடாரை மனதில் வைத்து அதைக் கொழுக்கவைக்கப் பார்க்காதீர்கள். முதுகெலும்பும் இடுப்பு எலும்பும் முட்டிக்கொண்டு நின்றால்தான் மெலிவு. சந்தேகம் தீர, வாரம் ஒரு நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். எண் ஏறிக்கொண்டிருக்கும்வரை கிண்ணத்தில் மிச்சம் கிடப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு வாரமாக ஏறாமல் நின்றால், ஒரு டப்பாவில் அன்றைய மலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்தால் காரணம் தெரிய வாய்ப்பு அதிகம்.