புள்ளிப் பற்றவைப்பில் காலத்தின் பங்கு

ஊராட்சி அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் நாம் வாங்கும் இரும்பு பீரோவின் உறுதி அதன் வண்ணப்பூச்சில் இல்லை; தகடுகளை இணைக்கும் சிறு புள்ளிகளிலேயே பெரிதும் இருக்கிறது. ஸ்பாட் வெல்டிங் எனப்படும் இம்முறையில், இரு செம்பு முனைகள் தகடுகளை இறுக அழுத்த, அவற்றின் வழியே பாயும் மின்சாரம் தகடுகள் சேருமிடத்தை உருக்குகிறது.

1 மில்லிமீட்டர் கனமுள்ள மென் எஃகுத் தகடுகளுக்கு மின்சாரம் பாய வேண்டிய காலம் ஏறக்குறைய 0.2 வினாடி, கண்ணிமைப் பொழுதே எனலாம். அது குறைந்தால் தகடுகள் மேலோட்டமாக ஒட்டி நிற்கும். மிகுந்தால் உருகிய எஃகு பொறியாய்ச் சிதறி, அவ்விடம் குழிந்து மெலியும். மின்சாரம் நின்ற பின்னும், உருகியது இறுகும் வரை அழுத்தத்தை எடுக்கலாகாது. எடுத்தால் உள்ளே வெற்றிடமும் வெடிப்பும் உண்டாகலாம். துத்தநாகம் பூசிய தகட்டிற்கு மின்சாரமும் காலமும் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

இக்குறைகளில் சில கண்ணுக்குப் புலப்படா. ஆதலின் வேலை தொடங்குமுன், அதே தகட்டின் இரு துண்டுகளை நம் முன்னிலையில் இணைத்துப் பிரித்துக் காட்டச் சொல்வோமாக. ஒரு துண்டில் துளை விழுந்து, மற்றதில் பொத்தான் போன்ற குமிழ் நின்றால் இணைப்பு நன்று. குமிழின்றி எளிதில் பிரிந்தால், காலத்தையும் மின்சாரத்தையும் சரிசெய்த பின்னரே வேலையைத் தொடரச் செய்தல் வேண்டும். ஊர்ப் பணத்திற்கு இதுவே காவல்.