அடுப்படிப் புகையும் கைப்பிள்ளையின் மூச்சும்



நம் லயங்களில் விடிவதற்கு முன்பே ஒவ்வொரு காம்பிராவிலும் அடுப்பு மூட்டுகிறோம். மழைக் காலத்தில் கவ்வாத்து மிலாறு ஈரமாக இருக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்த பிறகுதான் தேத்தண்ணி கொதிக்கும். கூதலுக்குப் பயந்து கதவையும் சாத்திவிடுகிறோம். கைப்பிள்ளை கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்பு ஓரத்திலேயே படுக்க வைக்கிறோம். “இந்தப் புகை என்னத்த செய்யும்? எங்க அம்மாவும் இப்படித்தானே எங்கள வளத்தாங்க?” என்று தாய்மார் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடி விஞ்ஞானிகள் அறுபது வருடங்களுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எதைக் கண்டார்கள் என்பதை இந்த முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் டொக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்தவர். யுத்தத்துக்குப் பயந்து 1942இல் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த குடும்பம். பின்னர் டில்லியில் பெயர்பெற்ற இருதய நோய் நிபுணர் ஆனார். சுவாசப்பை பழுதாகி, அதனால் இருதயத்தின் வலது பக்கம் களைத்துப் பெருத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. அது பீடி, சுருட்டுக் குடிக்கும் ஆண்களுக்கு வருவது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் டில்லி ஆஸ்பத்திரிக்குப் பீடியைக் கையால் தொடாத பெண்களும் அதே நோயோடு வந்தார்கள். அடுப்புப் புகைதான் காரணமாக இருக்குமோ என்று அவரும் அவருடைய சக டொக்டரும் 1959இல் எழுதினார்கள்.

நேபாளத்தின் மலைக் கிராமங்களில் டொக்டர் எம்.ஆர். பாண்டே வேறு விதமாகப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று ஆட்களைக் கேட்டார். மணித்தியாலம் கூடக் கூட, நாட்பட்ட நெஞ்சுச் சளியும் கூடியது. இது 1984இல் வெளிவந்தது. அதற்கு முந்திய வருடம், அமெரிக்க விஞ்ஞானி கர்க் ஸ்மித்தும் இந்திய நண்பர்களும் குஜராத் கிராமங்களில் செய்த வேலையை வெளியிட்டார்கள். சமைக்கும் பெண்களின் உடம்பில் ஒரு சிறிய பம்பை மாட்டி, அவர்கள் மூச்சு விடும் காற்றை அப்படியே பிடித்து அளந்தார்கள். பட்டணத்து வீதிகளில் பஸ், லொறி விடும் புகையைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பல மடங்கு மோசமான காற்று கிராமத்து அடுப்படியில் இருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் மீதி இருந்தது. புகை உள்ள வீடு பெரும்பாலும் ஏழை வீடு. அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடும் குறைவு, வீடும் ஈரம், ஆஸ்பத்திரியும் தூரம். நியூமோனியா வந்தால் அது புகையால் வந்ததா, வறுமையால் வந்ததா? புகைபோக்கி கட்டியவன் வீட்டுப் பிள்ளை சுகமாக இருக்கிறதென்றால், அவனிடம் காசு இருந்ததால் இருக்கலாம் அல்லவா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஒரே மாதிரியான வீடுகளை எடுத்து, சீட்டுப் பிடிக்கிறவர்கள் பெயரெழுதிக் குலுக்குவது போலக் குலுக்கி, பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்புக் கட்டிக் கொடுக்க வேண்டும். மீதி வீடுகளைப் பழையபடியே விட்டு, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே கண்ணோடு பார்த்து வர வேண்டும்.

அதைத்தான் ஸ்மித் குழுவினர் குவாத்தமாலாவில் செய்தார்கள். மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய நாடு அது. அதன் மேற்கு மலையில், சான் மார்க்கோஸ் என்ற பகுதியில், மாயா இனத்து மக்கள் மாம் என்ற தங்கள் சொந்த மொழி பேசி வாழ்கிறார்கள். நுவரெலியாவைவிட உயரமான இடம். கூதலைச் சொல்ல வேண்டியதில்லை. சோளம்தான் அவர்களுக்குச் சோறு. கோப்பித் தோட்டங்களுக்குப் பருவ வேலைக்குப் போய் வருகிறவர்களும் அங்கே உண்டு. வீட்டுக்குள்ளே தரையில் மூன்று கல் வைத்து விறகு எரிப்பார்கள். தாய் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே சமைப்பாள். படித்தபோது நம் ஆட்களைப் பற்றி எழுதியது போலவே இருந்தது எனக்கு.

கர்ப்பிணித் தாயோ, நாலு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையோ உள்ள 534 வீடுகளைத் தெரிவு செய்தார்கள். 269 வீடுகளுக்குப் புதிய அடுப்பு. இடுப்பளவு உயரத்துக்குக் கட்டி, தீயை உள்ளே அடைத்து, மேலே இரும்புத் தகடு போட்டு, புகை குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போகும்படி செய்தது. மற்ற 265 வீடுகளில் பழைய மூன்று கல். அந்த வீட்டுக்காரர்களை ஏமாற்றவில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் அவர்களுக்கும் அதே அடுப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். 2002 கடைசியிலிருந்து 2004 கடைசி வரை பணியாளர்கள் வாராவாரம் வீடு வீடாகப் போனார்கள். சுகமில்லாத பிள்ளையை டொக்டரிடம் அனுப்பினார்கள். பிள்ளை எந்த அடுப்பு வீட்டிலிருந்து வந்தது என்று டொக்டருக்குத் தெரியாது. அவர் மனம் ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதற்காக அப்படி ஏற்பாடு. பிள்ளையின் சட்டையில் ஒரு சிறு கண்ணாடிக் குழாயையும் குத்திவிட்டார்கள். விறகு சரியாக எரியாதபோது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு பட்டால் அதில் கறை ஏறும். கறையின் நீளத்தைப் பார்த்தால் பிள்ளை எவ்வளவு புகை குடித்தது என்று கணக்குத் தெரிந்துவிடும்.

முடிவு 2011இல் வெளிவந்தது. டொக்டர்கள் கண்ட நியூமோனியா, பழைய அடுப்பு வீடுகளில் 139, புகைபோக்கி வீடுகளில் 124. வித்தியாசம் உண்டு. ஆனால் தற்செயலாகவும் இவ்வளவு வரலாம் என்று அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். முக்கியமானது அடுத்த கணக்கு. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும் கடும் நியூமோனியா, புகைபோக்கி வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தாய்மாருக்குக் கண் எரிச்சல், தலையிடி, நெஞ்சு இழுப்பு ஆகியவையும் குறைந்தன.

இன்னொன்றும் தெரிந்தது. அடுப்படியில் புகை பத்தில் ஒன்றாகக் குறைந்தும், பிள்ளை குடித்த புகை பாதிதான் குறைந்தது. ஏனென்றால் பிள்ளை ஒரே இடத்தில் இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அங்கே விறகு எரித்து ஆவியில் குளிக்கும் வழக்கமும் உண்டு, அதற்கும் தாயோடு போகிறது. குழாயால் வெளியே போன புகையும் திரும்பி வருகிறது. பன்னிரண்டு காம்பிரா ஒட்டிக் கிடக்கும் லயத்தில் ஒரு வீடு மட்டும் புகைபோக்கி கட்டினால் எவ்வளவு பிரயோசனம் என்பதை நீங்களே யோசித்துப் பார்க்கலாம்.

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதேபோல நல்ல செய்தி சொல்லவில்லை. ஆபிரிக்காவில் மலாவி நாட்டில் காற்றாடி பூட்டிய விறகடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி நியூமோனியா குறையவில்லை. பிறகு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நாலு நாடுகளில் சுமார் 3200 கர்ப்பிணித் தாய்மாரைச் சேர்த்தார்கள். இந்தியாவில் அது தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம் நடந்தது. குலுக்கலில் தெரிவான பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் காஸும் இலவசம். புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் பிள்ளையின் பிறப்பு நிறை குறிப்பிடும்படி கூடவில்லை என்று 2022இலும், கடும் நியூமோனியா குறையவில்லை என்று 2024இலும் அறிவித்தார்கள். இதைக் கேட்டு “அப்போ புகையால ஒண்ணுமில்ல” என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். காஸ் கொடுக்கத் தொடங்கும்போது அந்தத் தாய்மார் ஏற்கனவே கர்ப்பிணிகள். அதற்கு முந்திய புகை எவ்வளவு வருடத்துப் புகை! நியூமோனியாவுக்குக் கிருமி, போசாக்கு, தடுப்பூசி என்று வேறு பல காரணங்களும் உண்டு. வீட்டுப் புகையால் 2020இல் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாகத்தான் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல்.

காஸ் வாங்குங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. 2022இல் காஸ் இல்லாமல் பட்டணத்து ஆட்களே விறகுக்கு வந்ததைப் பார்த்தோம். கையில் இருப்பதைப் பற்றிப் பேசுவோம். மிலாறை வெட்டிய அன்றே எரிக்காமல், மழை படாத இடத்தில் அடுக்கிக் காயவிடுங்கள். ஈர விறகின் புகையே வேறு. அடுப்பு மூட்டப் பொலித்தீன், பழைய செருப்புத் துண்டு போட வேண்டாம். மூட்டும்போது கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளையைப் பாட்டியோடு முன் காம்பிராவிலோ இஸ்தோப்பிலோ போர்த்தி வையுங்கள். புகைபோக்கி உள்ள வீடுகளில் கரியைத் தட்டிச் சுத்தம் பண்ணுங்கள். பல லயங்களில் புகைபோக்கி இடிந்து, ஓட்டைக்கு மேலே தகரம் போட்டு மூடியிருக்கிறது. அதைத் திருத்துவது தாய்மாரின் பொறுப்பு அல்ல என்பது என் கருத்து. லயம் முழுவதும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, தோட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை நலன்புரி உத்தியோகத்தரிடமும் கொடுங்கள்.

இதற்கிடையில் பிள்ளைக்குச் சளி பிடித்தால், அது சாதாரணச் சளியா நியூமோனியாவா என்று அறிய ஒரு வழி உண்டு. இதுவும் ஒரு மலைநாட்டில் கண்டுபிடித்ததுதான். பப்புவா நியூ கினியில் கொரோக்கா என்ற ஊரில் எக்ஸ்ரே கிடைக்காத கிராமங்களுக்காக, டொக்டர் பிராங்க் ஷான் குழுவினர் இருமும் பிள்ளைகளின் மூச்சை எண்ணிப் பார்த்து 1984இல் எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கொண்டு போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலோ, பிள்ளை பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் எழும்பாமல் கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கொழுந்து நிறுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இரவானாலும் தோட்டத்து வாகனத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணிய கணக்கு இருந்தால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.