வாட்டர்கேட்: நிக்சனை வீழ்த்தியது நாளிதழ் அன்று

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் இரு இளம் நிருபர்கள்தான் ரிச்சர்ட் நிக்சனை அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறக்கினார்கள் என்ற கதை இன்றும் மேடைதோறும் ஓதப்படுகிறது. ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே அது நிற்காது.

1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். பல ஏடுகள் அக்கறை காட்டாத மாதங்களில் பாப் உட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டீனும் விடாமல் எழுதினார்கள். அந்தப் பெருமை அவர்களுடையதே. ஆனால் அவர்களுக்குத் துப்புக் கொடுத்த மார்க் ஃபெல்ட், எஃப்பிஐ அமைப்பின் இரண்டாம் நிலை அதிகாரி. விசாரணை அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய செய்திகள் வெளிவந்தபின்னும் அந்த நவம்பர் தேர்தலில் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். இதற்கு அந்தக் கதையில் விடை ஏது?

முடிச்சு அவிழ்ந்தது நீதிமன்றத்திலும் செனட்டிலும். குற்றவாளிகளில் ஒருவரான ஜேம்ஸ் மெக்கார்ட், சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று எழுதிய கடிதத்தை நீதிபதி ஜான் சிரிகா 1973 மார்ச்சில் வாசித்தார். ஜூலை 16 அன்று செனட் குழுவின் முன் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட், வெள்ளை மாளிகை உரையாடல்கள் ரகசியமாக ஒலிப்பதிவு செய்யப்படுவதை வெளிப்படுத்தினார். அந்த ஒலிநாடாக்களைக் கோரிய சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் அக்டோபர் 20 அன்று நீக்கப்பட்டார். அடுத்து வந்த லியோன் ஜவோர்ஸ்கியும் விடவில்லை. 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும், நிக்சனே நியமித்த மூவர் உட்பட, நாடாக்களை ஒப்படைக்க உத்தரவிட்டனர். சிஐஏவைக் கொண்டு எஃப்பிஐ விசாரணையைத் தடுக்க நிக்சன் ஒப்புக்கொண்ட உரையாடல் ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. சொந்தக் கட்சியும் கைவிட்டது. ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். இத்தனையையும் விட்டுவிட்டு, அந்த நிருபர்களைப் பற்றி 1976இல் வந்த ஒரு திரைப்படத்தை வரலாறாக ஏற்பது சோம்பேறித்தனம். அந்தப் படத்தின் கதையே 1973 ஜனவரியில் நின்றுவிடுகிறது. மீதியைச் சில தந்தித் தலைப்புகள் சொல்லி முடிக்கின்றன.

நிக்சனை நாடாளுமன்றம் நீக்கியது என்பதும் தவறு. முழு அவை வாக்களிக்கும் முன்பே அவர் விலகிவிட்டார். மற்ற அதிபர்களைப் பற்றியும் இப்படித் தவறான கதைகள் உண்டு. அதிபர் பில் கிளிண்டன் மீது 1998இல் நிறைவேறிய குற்றச்சாட்டுகள் தகாத உறவு பற்றியவை அல்ல. பொய்ச்சாட்சியமும் நீதிக்கு இடையூறும்தான். செனட் அவரை விடுவித்தது. டீபாட் டோம் எண்ணெய் ஊழலில் லஞ்சம் வாங்கிச் சிறை சென்றவர் உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால். அதிபர் வாரன் ஹார்டிங் பணம் பெற்றதற்குச் சான்று இல்லை.

ஹார்டிங் இறந்தபின் அவருடைய ஆவணங்களில் கணிசமானவற்றை மனைவி ஃபுளோரன்ஸ் எரித்தார். நிக்சனின் நாடாக்களுக்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம்; ஆனால் 1974 டிசம்பரில் சட்டம் இயற்றி அரசு அவற்றைக் கைப்பற்றியது. ஊழலை ஒழிக்க விரும்பும் எந்த நாடும் முதலில் காக்க வேண்டியது இத்தகைய ஆவணங்களையே. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1981 ஜனவரி முதல் பதவியேற்கும் அதிபர்களின் அலுவல் ஆவணங்கள் அனைத்தும் மக்களின் உடைமை.